லொட்டேயின்ர மூக்கில வைச்ச பொட்டு

1

இந்த ஆயுத பூசையோட பதினொரு வருசம். மனிசி கத்தி, கத்தரிக்கோல், தையல் மெசின், என்ர கார்த் திறப்பு எல்லாத்தையும் துடைச்சு மேசையில அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்பா. "வாங்கோவனப்பா, வந்து கும்பிடுங்கோவன்" எண்டு கூப்பிடுவா. நான் அந்த நேரம் பாத்து ரொய்லெற்றுக்குள்ள போய்க் கதவைப் பூட்டிப்போடுவன். வருசா வருசம் இதுதான் நடந்தது. எனக்கு வயித்துக் கோளாறு எண்டு அவ நினைச்சுக்கொண்டிருந்தவ, பாவம்.

ஊரில இருக்கிற நீங்கள் இதை வாசிச்சுப்போட்டு, "உவன் ஒரு காரைக் கழுவினதுக்கு என்னத்துக்கு இவ்வளவு அழுறான்" எண்டு கேப்பியள். கேளுங்கோ. நான் அழுறது கழுவினதுக்கு இல்லை.

நாங்கள் இருக்கிறது ஜேர்மனியில, டோர்ட்மண்டில. ஒரே மகள் ஆரணி, இருபத்திமூண்டு வயசு, வேற நகரத்தில வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறாள். மாசத்தில ஒரு ஞாயிறு ஊத்தை உடுப்புப் பையோட வருவாள், தாயின்ர கறிச் சட்டியோட போவாள். எங்களோட கதைக்கேக்க முதல் வசனம் தமிழ், ரெண்டாவது ஜேர்மன். தாய் சண்டை பிடிச்சால் மூண்டாவதும் ஜேர்மன்.

இந்தக் கோடையில ஒரு ஞாயிறு மத்தியானம். இடியப்பமும் சொதியும். ஆரணி சாப்பிடாமல் போனை நீட்டிக்கொண்டு நிண்டாள்.

"அப்பா, லொட்டேயைத் தெரியுந்தானே? நீங்கள் முந்தி துப்பரவு வேலை செய்த இடத்தில நிண்ட றேஸ் கார். அதைப் பற்றித்தான் என்ர கடைசி ஆய்வு எழுதுறன். ஒரு பெரிய விசயம் கண்டுபிடிச்சிட்டன்."

படத்தில ஒரு அலுமினியத் தகடு. ஆணித்தலை ஒண்டு. அந்த ஆணித்தலையைச் சுத்தி மயிர் அளவு மெல்லிய சிவப்புக் கோடு.

"சிவப்பு பெயின்ற், அப்பா! அந்தக் காலத்து றேஸில நாட்டுக்கொரு நிறம், இத்தாலிக் காருகள்தான் சிவப்பு. அப்ப இந்த மூக்குத் தகடு இத்தாலிக் கார் ஒண்டில இருந்து எடுத்துப் போட்டது. தான் கையால அடிச்சுச் செய்தது எண்டு அந்தப் பழைய தகட்டு வேலைக்காரர் ஹெர் லோமன் சொல்லுறது பிழை. அவருக்கு மறதி வருத்தம். முந்தியே ஒருக்கா அந்தக் காரைத் தானே கழுவிப்போட்டுத் தெரியாதெண்டு நிண்டவராம். அந்தாளின்ர கதையை ஆதாரமா எடுக்க ஏலாது எண்டு எழுதியிருக்கிறன். பேராசிரியருக்குச் சரியான புழுகம், துள்ளுறார். அடுத்த கிழமை சுரண்டி லாபுக்கு அனுப்புறம்."

மனிசி "கெட்டிக்காரி!" எண்டு அவளுக்கு இன்னும் ரெண்டு இடியப்பம் வைச்சா. அந்தச் சிவப்பை வைச்சது இத்தாலிக்காரன் இல்லை. நான்.

2

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேணும், இல்லாட்டி உங்களுக்கு என்ர பாவத்தின்ர அளவு விளங்காது.

நான் அப்ப ஒரு துப்பரவுக் கொம்பனியில வேலை. திங்கக்கிழமைகளில என்னை அனுப்பிறது ஒரு பழைய நிலக்கரிச் சுரங்கக் கட்டிடத்துக்கு. அதுக்குள்ள பழைய காருகளைக் காட்சிக்கு வைச்சிருந்தினம். திங்கள் சனத்துக்குப் பூட்டு. நானும் என்ர வாளியும் காருகளும்தான். பிறகு ஹெர் லோமனும், எங்கட பாசையில லோமன் ஐயா.

ஹெர் லோமனுக்கு அப்பவே எழுபது தாண்டிட்டுது. சம்பளம் இல்லாமல் விருப்பத்துக்கு வாற மனிசன். அவர் வாறது ஒரேயொரு காரைப் பாக்க. அந்தக் கார் கண்ணாடிக் கூட்டுக்குள்ள தனிய நிண்டது. லொட்டே எண்டு பேர். வடிவமைச்ச என்ஜினியரின்ர தாயின்ர பேராம்.

அறுபதுகளில, இதே ஊரில, சுரங்க மெசின் செய்த ஒரு என்ஜினியருக்கு கிறாண்ட் பிறீ ஓட்டத்துக்குக் கார் கட்டுற விசர் பிடிச்சுது. பெரிய கொம்பனியள் நூறு பேரை வைச்சுச் செய்யிற வேலையை இவர் ஆறு பேரோட ஒரு கராஜுக்குள்ள துவங்கினார். மெல்லிய இரும்புக் குழாய்களை ஒட்டி ஒரு கூடு. என்ஜின் ஓடுறவன்ர முதுகுக்குப் பின்னால. ஓடுறவன் கிட்டத்தட்டப் படுத்திருக்க வேணும், அவன்ர ரெண்டு தொடைக்கும் பக்கத்தில பெற்றோல் தாங்கி. மேல போர்த்தின அலுமினியத் தகடு முழுக்க ஹெர் லோமன் மரச் சுத்தியலால அடிச்சு வளைச்சது. அவர்தான் அந்தக் கராஜின்ர தகட்டு வேலைக்காரர்.

என்ஜினியர் ஒரு பிழை விட்டிட்டார். மூக்கில காத்து இழுக்கிற வாயைச் சின்னனா வைச்சிட்டார், அப்பதான் கார் காத்தைக் கிழிக்கும் எண்டு. முதல் ஓட்டத்துக்குப் போனால், ஓடத் தகுதியான வேகமே வரேல்லை. ரெண்டாவதில ஓடிச்சுது, ஆனால் பாதியில என்ஜின் கொதிச்சு நிண்டிட்டுது. மூண்டாவது ஓட்டத்தண்டு விடிய ஹெர் லோமன் ஆரையும் கேக்காமல் தகடு வெட்டுற கத்தரிக்கோலை எடுத்து அந்த வாயை ரெண்டு விரல் அளவு அகலமா வெட்டி, விளிம்புக்கு வேற தகடு வைச்சு ஆணி அடிச்சார். அந்த விளிம்பு கொஞ்சம் நெளிஞ்சுதான் இருக்கும். அண்டைக்கு நல்ல மழை. பெரிய காருகள் வழுக்கி வெளியில போக, லொட்டே ஊர்ந்து ஊர்ந்து ஓடி முடிச்சுது. கடைசி இடம்! ஆனால் முடிச்சுது. அதுக்குப் பிறகு காசு இல்லை, கராஜும் பூட்டு. லொட்டேயின்ர ஓட்டச் சரித்திரம் அவ்வளவுதான், மூண்டு ஓட்டம்.

இந்தக் கதையை அவர் எனக்குத் திங்கள் திங்களாச் சொன்னவர். தன்ர பிளாஸ்கில இருந்து கோப்பி ஊத்தித் தருவார். நான் மனிசி சுட்ட ரோல்ஸ் கொண்டுபோவன். "காரம், காரம்" எண்டு கண்ணைத் துடைச்சுத் துடைச்சு மூண்டு தின்னுவார். ஒரு பள்ளிக்கூட லீவில ஆரணியையும் கூட்டிக்கொண்டு போனனான், பன்னிரண்டு வயசில. அவளை அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள விட்டுப் பின்பக்க மூடியைத் திறந்து என்ஜினைக் காட்டினவர் அவர்தான். இண்டைக்கு அவள் படிக்கிற படிப்பு அண்டைக்குத் துவங்கினது.

ஆனால் ஒரு விசயம். அவர் கதைக்கிறது சுரங்கக்காரற்ற ஜேர்மன். எனக்குப் பாதிதான் விளங்கும். மிச்சப் பாதிக்கு "யா, யா" எண்டு தலையாட்டுறது. இஞ்ச வந்த எங்கட சனத்துக்கு உது கைவந்த கலைதானே. கூட்டுக்கு முன்னால ஒரு பெரிய அறிவித்தல் பலகையும் இருந்தது. நாலு வருசம் நான் துடைச்ச பலகை, ஒரு நாளும் வாசிக்காத பலகை.

அதில எழுதியிருந்தது இதுதான்: இந்தக் காரில இருக்கிற சேறும் எண்ணெயும் கடைசி ஓட்டத்தின்ரது. ஓடி முடிச்சதுக்கு வேற கிண்ணம் கிடைக்கேல்லை, இந்த ஊத்தைதான் கிண்ணம், ஒருத்தரும் கழுவக் கூடாது எண்டு என்ஜினியர் சொல்லியிருக்கிறார். பின்பக்க மூடியில ஒரு கை அடையாளம் இருக்கு. ஓட்டத்தின்ர நடுவில பெற்றோல் குழாய் கழண்டு கார் வந்து நிக்க, அதைக் கட்டிப்போட்டு எண்ணெய்க் கையால மூடியை அடிச்சுப் பூட்டினவற்ற கை. ஹெர் லோமன்ர கை.

3

ஊரில நான் மினிபஸ்ஸில கண்டக்டர். ஆயுத பூசைக்கு பஸ்ஸைக் கழுவாட்டி முதலாளி உதைப்பார். பித்தளைக்குப் பழப்புளி, உடம்புக்குச் சவர்க்காரத் தண்ணி, மூக்கில பொட்டு, ரயருக்குக் கீழ தேசிக்காய். கழுவாத வாகனத்தை அண்டைக்கு ஒருத்தன் றோட்டில விட்டால் எங்களுக்கு அது தாய்க்குச் சோறு போடாதவன் மாதிரி.

பதினொரு வருசத்துக்கு முந்தி ஆயுத பூசை திங்கக்கிழமை வந்தது. அதுக்கு முதல் திங்கள் ஹெர் லோமன் சொன்னவர்: "பாலன், அடுத்த திங்கள் எனக்கு டொக்டரிட்ட டெர்மின். விடியக் கொஞ்ச நேரம் வந்திட்டுப் போயிடுவன். இந்தா, கண்ணாடிக் கூட்டுத் திறப்பு. கண்ணாடியை உள்பக்கத்தாலயும் துடைச்சுவிடு, பேந்து மேசை லாச்சிக்குள்ள போடு." அந்தத் திறப்பு அவரிட்ட மட்டும்தான் இருக்கிறது. அதை அவர் வேற ஆருக்கும் குடுத்ததில்லை.

உள்ளுக்குப் போய்க் கண்ணாடியைத் துடைச்சன். திரும்பினால் லொட்டே. மற்றக் காருகள் எல்லாம் பளபளக்க, இது மட்டும் சேறு காய்ஞ்சு, எண்ணெய் பிடிச்சு, கேப்பாரில்லாமல் நிக்குது. மனிசனுக்குக் கை நடுங்குது, கழுவ ஏலாது, கேக்கவும் வெக்கம் எண்டு நான் நினைச்சன். அடுத்த முறை வந்து பாத்து எப்பிடிச் சந்தோசப்படுவார்! சத்தியமா, அண்டைக்கு எனக்கு இருந்தது அன்பு. அதை மட்டும் நம்புங்கோ.

மத்தியானச் சாப்பாட்டுப் பையில மனிசி பூசைச் சாமான் வைச்சிருந்தா. கொம்பனியின்ர வான் வண்டிக்கு வையுங்கோ எண்டு சந்தனம், குங்குமம், நாலு தேசிக்காய், விளக்கு மினுக்கின மிச்சப் பழப்புளி. மூண்டு மணித்தியாலம் பிடிச்சுது. சுடுதண்ணி எட்டு வாளி. அந்த எண்ணெய்க் கறை மூடியில இருந்து லேசில போகேல்லை. நான் விடுவனா? தேசிக்காயையும் போட்டுத் தேய்ச்சன்.

அப்பிடி ஒரு வடிவு! மூக்கில சந்தனம் குழைச்சு வைச்சு நடுவில குங்குமம் வைச்சன். கற்பூரம் கொளுத்தினால் தீயணைப்பு வண்டி வந்திடும் எண்டு அதை மட்டும் விட்டன். மிஞ்சின தேசிக்காயை ரயருக்குக் கீழ வைச்சு, பின்னால போய்த் தள்ளினன். லொட்டே அசைஞ்சுது. தேசிக்காய் நசிஞ்சு மணம் வந்தது. ஒரு சாண் ஓடியிருக்கும். கும்பிட்டுப்போட்டுத் திரும்பவும் பின்னுக்குத் தள்ளிவிட்டன்.

வெளிக்கிடேக்க ஒரு பயம். உவங்களுக்கு இது விளங்குமோ? ஏதோ சூனியம் எண்டு நினைச்சால்? ஈரத் துணியை எடுத்துப் பொட்டை அழிச்சிட்டு வந்தன். ஆணித்தலைக்குள்ள கொஞ்சம் போய் ஒட்டினது எனக்குத் தெரியாது.

4

அடுத்த திங்கள் நான் போகேக்க கண்ணாடிக் கூடு திறந்து கிடக்குது. உள்ளுக்கு ஹெர் லோமன் நிக்கிறார். அந்த இடத்தின்ர பொறுப்பாளரும் நிக்கிறார். ஹெர் லோமன் தன்ர வலக் கையை விரிச்சு, அந்த மூடிக்கு மேல, தொடாமல், பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். அப்பதான் எனக்கு விளங்கிச்சுது, அது ஊத்தை இல்லை எண்டு.

பொறுப்பாளர் ஹெர் லோமனை முதல் பேர் சொல்லிப் பொறுமையாத்தான் கதைச்சார். "வில்லி, திறப்பு உங்களிட்ட மட்டும்தானே. இந்த வருசம் ரெண்டு தரம் கோப்பி மெசினை நிப்பாட்ட மறந்திட்டியள். போன மாசம் உங்கட காரை எங்க விட்டதெண்டு தேடினியள். நீங்கள்தான் கழுவியிருக்க வேணும், வில்லி. நினைவில்லையா?"

"நான் டொக்டரிட்டப் போனனான்."

"அது மத்தியானத்துக்குப் பிறகு எண்டு நீங்கள்தான் சொன்னியள்."

ஹெர் லோமன் யோசிச்சார். நெத்தியில கை வைச்சு யோசிச்சார். பிறகு என்னைப் பாத்தார். கோபமாப் பாக்கேல்லை. உதவி கேக்கிற பார்வை.

"பாலன், நான் உன்னட்டத் திறப்புத் தந்தனானோ?"

நான் "நைன்" எண்டன்.

இல்லை எண்டு ஜேர்மனில ஒரே ஒரு சொல்லு. வேற ஒண்டும் இல்லை. அந்த நேரம் என்ர குடியுரிமை விண்ணப்பம் அலுவலகத்தில கிடந்தது. வேலைச் சான்றிதழ் கேட்டிருந்தவை. வேலை போனால் எல்லாம் போச்சு. வருசக் கணக்கா எனக்கு நானே சொன்ன சமாதானம் அது, பொய்யும் இல்லை. ஆனால் முழு உண்மை என்னெண்டால், என்னை ஒருத்தரும் சந்தேகப்படவே இல்லை. துப்பரவுக்காரன் நிலத்தைத் துடைப்பான், சொல்லாத வேலையை ஏன் செய்யப்போறான்? அந்த நினைப்புக்குப் பின்னால போய் ஒளிக்கிறது எனக்குச் சுகமா இருந்தது.

ஹெர் லோமன் மெல்லத் தலையாட்டினார். "அப்ப நான்தான் கழுவியிருப்பன்" எண்டார். திறப்பை எடுத்துப் பொறுப்பாளரின்ர கையில குடுத்தார். என்னைத் தாண்டிப் போகேக்க தோளில தட்டிப்போட்டுப் போனார். அதுக்குப் பிறகு அவர் அங்க வரேல்லை. நானும் ரெண்டு மாசத்தில வேற இடம் கேட்டு மாறிட்டன். அடுத்த வருசம் குடியுரிமை கிடைச்சுது. மனிசி கேசரி கிண்டினா.

5

அந்த ஞாயிறு, ஆரணி பையைக் கட்டிக்கொண்டு நிக்கேக்க சொன்னன். மனிசியும் நிண்டவ. லாபில அந்தக் குங்குமம் எப்பிடியும் மஞ்சளும் சுண்ணாம்பும் எண்டு வந்திடும், அந்தப் பயத்திலதான் சொன்னனோ, மனச்சாட்சியிலதான் சொன்னனோ, எனக்கே தெரியேல்லை. ரெண்டும் எண்டு எழுதிவிடுறன்.

மகளுக்கு முதலில ஆயுத பூசை எண்டால் என்னெண்டு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. வருசா வருசம் தாய் வைக்கிற பூசை, அவளுக்கு அது "அந்தக் கத்தரிக்கோல் நாள்." நான் சொல்லி முடிக்க அவள் கதிரையில இருந்திட்டாள். என்ர படிப்பைக் கெடுத்திட்டியள் எண்டு கத்துவாள் எண்டு பாத்தன். கத்தேல்லை.

"போன மாசம் அவரைப் பேட்டி எடுத்தனான், அப்பா. முதியோர் இல்லத்தில. 'என்ர கையை நானே கழுவிப்போட்டன்' எண்டு சொல்லி அழுதவர். நான் அதை ரெக்கோட் பண்ணி வைச்சிருக்கிறன்."

மனிசி "ஐயோ கடவுளே" எண்டு வாயில கை வைச்சா.

"ஒண்டு கேக்கட்டே?" ஆரணி இப்ப முழுக்கத் தமிழில கதைச்சாள். "அன்பாத்தான் கழுவினனீங்கள், சரி. அப்ப ஏன் பொட்டை அழிச்சனீங்கள்? அதை விட்டிருந்தால் ஆர் செய்ததெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமே."

"பயத்தில, பிள்ளை."

"ம்" எண்டாள். "எனக்குச் சொன்னது காணாது. அவருக்குச் சொல்லோணும்."

அந்த ஆய்வை அவள் திருப்பி எழுதினாள். ஒரு இரவில பேர் எடுத்துத் தரக்கூடிய கண்டுபிடிப்பு, போச்சு. மூக்குத் தகடு ஹெர் லோமன் கையால அடிச்சதுதான், சிவப்பு என்ர அப்பா வைச்ச குங்குமம் எண்டு அடிக்குறிப்பில எழுதியிருக்கிறாள். ஓட்டச் சரித்திரத்தில மூண்டு ஓட்டத்துக்குக் கீழ இன்னொரு வரி: "ஒரு சாண் தூரம், தேசிக்காய்க்கு மேலால, சிவபாலன் தள்ளினது." என்னைச் சிரிக்க வைக்கத்தான் எழுதினாளோ, குத்தவோ, நான் கேக்கேல்லை. லொட்டே நிக்கிற அந்த இடத்துக்கும் நான் கடிதம் எழுதினன். இப்ப புதுப் பொறுப்பாளர். "உங்கள் தகவலுக்கு நன்றி, கோப்பில் சேர்த்துள்ளோம்" எண்டு ரெண்டு வரி வந்தது. என்ர பதினொரு வருசம் ஒரு கோப்புக்குள்ள போயிட்டுது.

6

முதியோர் இல்லம் பஸ்ஸில அரை மணித்தியாலம். முதல் தரம் ஆரணியும் வந்தவள். ஹெர் லோமன் யன்னலடியில இருந்தார். நல்லா மெலிஞ்சிட்டார். என்னை ஆரெண்டு தெரியேல்லை, ரோல்ஸைத் தெரிஞ்சுது. "காரம்" எண்டு சிரிச்சார்.

நான் அவற்ற காலடியில கதிரையை இழுத்துப்போட்டு இருந்து எல்லாத்தையும் சொன்னன். திறப்பு, சுடுதண்ணி, பொட்டு, நைன். உடைஞ்ச ஜேர்மனிலதான். ஆனால் இந்தமுறை ஒரு சொல்லும் விடாமல்.

"அப்ப நான் கழுவேல்லை?"

"இல்லை, ஹெர் லோமன். நீங்கள் இல்லை."

"அப்ப அண்டைக்கு என்ர தலை நல்லாத்தான் இருந்தது?"

"நல்லா இருந்தது. நான்தான் பொய் சொன்னனான்."

கையில இருந்த கோப்பியை என்ர சேட்டில ஊத்தினார். வேணுமெண்டுதான் ஊத்தினார். பிறகு அழுதார். பிறகு, "தேசிக்காய்க்கு மேல அது அசைஞ்சுதோ?" எண்டு கேட்டார். ஒரு சாண் எண்டு கையால காட்டினன். அதைக் கேட்டுச் சிரிச்சார். பாரம் இறங்கின மாதிரி நானும் ஆரணியும் பஸ் ஏறினம்.

அடுத்த திங்கள் நான் தனியப் போனன். அவருக்கு ஒண்டும் நினைவில்லை. நான் வந்ததும் இல்லை, சொன்னதும் இல்லை. சரி எண்டு திருப்பிச் சொன்னன். அண்டைக்குக் கோபம் இல்லை, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தார். அதுக்கு அடுத்த திங்கள் வெளியில போ எண்டார். இப்ப எல்லாத் திங்களும் போறன். ஒவ்வொரு திங்களும் அவர் முதல் தரமாக் கேக்கிறார், நான் முதல் தரமாக் குற்றவாளி ஆகிறன். அதுவாவது செய்யலாம், எனக்கு அது காணும் எண்டுதான் நினைச்சிருந்தன்.

இந்த வருச ஆயுத பூசை புதன்கிழமை. மனிசி கூப்பிட, ரொய்லெற்றுக்குள்ள போகாமல் வந்து நிண்டு கும்பிட்டன். அதுக்கு முந்தின திங்கள் வழமை போல ஹெர் லோமனிட்டப் போய்ச் சொல்லி முடிச்சிட்டன். "அப்ப நான் கழுவேல்லை" எண்டு அவர் மூச்சு விட்டார். கோப்பி குடிச்சம். நான் எழும்பி ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு கதவடிக்கு வர, புதுசா வேலைக்கு வந்த தாதி ஒராள் மருந்தோட உள்ளுக்கு வந்தா. அவர் தன்ர வலக் கையை விரிச்சு அவவுக்குக் காட்டினார்.

"ஒரு கார் இருந்தது" எண்டார். "அதில என்ர கை இருந்தது. நானே கழுவிப்போட்டன்."

உண்மை அவரிட்ட அரை மணித்தியாலம்தான் நிக்குது. என்ர பொய்யை மட்டும் அவர் மறக்கவே இல்லை.

ஜக்கெற்றைக் கழட்டினன். கதிரையைத் திரும்ப இழுத்துப்போட்டு இருந்தன்.

"ஹெர் லோமன், நான் பாலன்" எண்டன். "அண்டைக்கு நீங்கள் என்னட்டத் திறப்புத் தந்தனீங்கள்."